பழைய கொரோலா 110: டைமிங் பெல்ட் பக்கத்திலிருந்து வரும் சத்தம், பெல்ட்டை மாற்றினால் தீருமா?

கல்லடி 110

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 1998 ஆம் ஆண்டின் டொயோட்டா கொரோலா 110 இருக்கிறது. 5ஏ-எஃப்ஈ பெற்றோல் எஞ்சின், மெனுவல் கியர். மீற்றர் ஓர் இலட்சத்து எண்பதாயிரத்தைத் தாண்டிக் காட்டுகிறது. இந்த வயதுக் காரில் மீற்றரை நம்பிக் கணக்குப் பார்க்க முடியாது. டைமிங் பெல்ட் மாற்றியாகிவிட்டது என்று முன்பு வைத்திருந்தவர் சொன்னார். ஆனால் எப்போது மாற்றினார்கள் என்று எழுதிய ஸ்டிக்கரும் இல்லை, பில்லும் இல்லை.

சில வாரங்களாக, காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சாரதி இருக்கும் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வருகிறது. காய்ந்த தென்னோலையைச் சிமெந்துத் தரையில் இழுப்பது போன்ற உரசல். எஞ்சின் சூடானதும் அது குறைந்து, மெல்லிய முனகலாக மாறுகிறது. அக்சிலேட்டரை மிதித்தால் முனகலும் கூடவே ஏறுகிறது. கிளட்சை மிதித்தாலும் விட்டாலும் மாற்றமில்லை. ஓட்டத்தில் எந்தக் குறையும் தெரியவில்லை. இழுவை நன்றாக இருக்கிறது, எரிபொருளும் வழமைபோலத்தான்.

நகரில் ஒரு கராஜில் காட்டினேன். பொனட்டைத் திறந்து, ஒரு தடவை ரேஸ் செய்து கேட்டுவிட்டு, "டைமிங் பெல்ட் முடிந்துவிட்டது, மாற்ற வேண்டும்" என்றார்கள். ஒரு கவரைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. செலவு செய்ய நான் பின்வாங்கவில்லை. ஆனால் பெல்ட்டை மாற்றிய பிறகும் சத்தம் அப்படியே இருந்தால் என்ன செய்வது? வேலை நிமித்தம் கல்முனைக்கு அடிக்கடியும், பொலன்னறுவைக்கு மாதத்தில் சில தடவையும் போகிறேன். நடு வழியில் நிற்க முடியாது. சத்தத்தை வைத்து மட்டும் டைமிங் பெல்ட்டைக் குற்றவாளியாக்கலாமா?

நாவற்குடா நண்பன்

எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத பெல்ட்டை வைத்துக்கொண்டு ஏன் யோசிக்கிறீர்கள்? மாற்றிவிடுங்கள். சத்தம் நின்றால் நல்லது, நிற்காவிட்டாலும் பெல்ட் புதிதாக இருக்கும்.

மருதமுனை காக்கா

தம்பி, அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். முப்பது வருடத்துக்கு மேலாக இந்த எஞ்சின்களின் கவரைக் கழற்றி மூடுகிறவன் நான். அந்தக் கராஜ்காரர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் திறந்து பார்க்காமல் சொன்னது சரியில்லை.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டைமிங் பெல்ட் பல் வைத்த பெல்ட். எஞ்சினின் கீழே சுற்றும் கிராங்க் ஷாஃப்ட்டின் சுழற்சியை, மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டுக்குக் கொண்டுபோவது அதுதான். அதன் பல் புல்லியின் பள்ளத்தில் போய் உட்கார்ந்து சுற்றுகிறது, வழுக்குவதில்லை. "கீச்" என்று கத்துவதெல்லாம் உராய்வை நம்பி ஓடும் வெளிப் பெல்ட்டுகள்: ஃபேன் பெல்ட் என்று நாம் சொல்லும் ஆல்டர்னேட்டர் பெல்ட், பவர் ஸ்டியரிங் பெல்ட், ஏசி பெல்ட். அவை எல்லாம் இருப்பதும் டைமிங் கவரின் முன்னால்தான். அதனால் அந்தப் பக்கம் எது கத்தினாலும் டைமிங் பெல்ட்டின் பெயர்தான் கெடுகிறது.

டைமிங் பெல்ட் சம்பந்தமான சத்தம் வேறு மாதிரி இருக்கும். பெல்ட் தளர்ந்திருந்தால், அக்சிலேட்டரைத் திடீரென்று விடும்போது "பட பட" என்று கவரின் உட்பக்கத்தில் அடிக்கும். அளவுக்கு மீறி இறுக்கியிருந்தால் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு ஊளை வரும். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் ஐட்லர் புல்லியின் பேரிங் காய்ந்திருந்தால், நீங்கள் சொல்கிற அதே உரசல்: குளிரில் பெரிதாகவும் சூட்டில் முனகலாகவும் வரும். பெல்ட்டின் விளிம்பு எதிலாவது உரசினாலும் உரசல் கேட்கும். கவர் உள்வாங்கி வளைந்து புல்லியில் தொட்டாலும் அப்படித்தான். நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் என் மனம் பேரிங் பக்கம் போகிறது. ஆனால் வாசித்த எழுத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

வரிசையாகச் செய்து பாருங்கள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே தொடங்குங்கள். சூடான பின் பாதிச் சாட்சியம் போய்விடும். ஹெட்லைட், உள்ளே காற்றுவீசும் ஃபேன், பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடுங்கள். ஆல்டர்னேட்டருக்குச் சுமை ஏறும். சத்தம் அதோடு மாறினால் அந்தப் பக்கம் பாருங்கள். பிறகு ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி ஒரு விநாடி பிடித்துவிட்டு விடுங்கள். அடுத்து ஏசியைப் போட்டு அணையுங்கள். இவை எதற்கும் சத்தம் அசையாவிட்டால், ஒரு போத்தலில் தண்ணீர் எடுத்து, வெளிப் பெல்ட்டின் பள்ளமுள்ள பக்கத்தில் சிறிது தெளியுங்கள். சத்தம் கொஞ்ச நேரம் நின்று திரும்ப வந்தால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. ஒன்றும் நடக்காவிட்டால் வெளிப் பெல்ட் பெரும்பாலும் குற்றமற்றது.

கடைசிச் சோதனைதான் முக்கியம். வெளிப் பெல்ட்டுகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்து கேளுங்கள். இந்த 5ஏ எஞ்சினில் வாட்டர் பம்ப் வெளிப் பெல்ட்டில்தான் ஓடுகிறது, டைமிங் பெல்ட்டில் இல்லை. ஆகவே பெல்ட் இல்லாமல் ஓடும்போது தண்ணீர் சுற்றாது. அரை நிமிடம் போதும், அதற்கு மேல் ஓட விட வேண்டாம். சத்தம் போய்விட்டால் வெளியே உள்ள ஏதோ ஒரு பேரிங். சத்தம் அப்படியே இருந்தால் கவருக்கு உள்ளே.

இன்னொன்று. சாரம் உடுத்துக்கொண்டு ஓடும் எஞ்சினுக்கு மேலே குனிய வேண்டாம். காற்சட்டை போடுங்கள், கழுத்தில் சங்கிலி இருந்தால் கழற்றி வையுங்கள்.

அக்கரைப்பற்று வேன்

இவ்வளவு சிரமம் எதற்கு? காய்ந்த சவர்க்காரக் கட்டியை ஃபேன் பெல்ட்டில் தேய்த்துவிட்டால் சத்தம் நிற்கும். எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான்.

மருதமுனை காக்கா

சவர்க்காரம் பூசினால் சத்தம் நிற்கும், காரணம் நிற்காது. பெல்ட் தளர்ந்ததாலோ புல்லி சாய்ந்ததாலோ கத்துகிறது. சவர்க்காரம் போட்டால் கத்தாமல் வழுக்கும், அவ்வளவுதான். பற்றரி சார்ஜ் குறையும், வாட்டர் பம்ப் மெதுவாகச் சுற்றும். ஏப்ரல், மே வெயிலில் கார் கொதித்து நின்ற பிறகு ஆளைத் தேட வேண்டி வரும். கழற்றிப் பார்க்க வருகிற மெக்கானிக்குக்கும் அந்தப் பூச்சு தடயத்தை மறைத்துவிடும். தயவுசெய்து யாருக்கும் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

கல்லடி 110

காக்கா, மிக்க நன்றி. சொன்ன வரிசையிலேயே செய்து பார்த்தேன். லைட், ஸ்டியரிங், ஏசி எதற்கும் சத்தம் மாறவில்லை. தண்ணீர் தெளித்தும் மாற்றமில்லை. இன்று காலை, ஊரில் மோட்டார் சைக்கிள் திருத்தும் தம்பி ஒருவரின் துணையோடு வெளிப் பெல்ட்டுகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தோம். மற்ற இரைச்சல்கள் எல்லாம் அடங்கின, அந்த உரசல் மட்டும் தனியாக, முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. உடனே அணைத்துவிட்டோம்.

கழற்றிய கையோடு ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் புல்லிகளைக் கையால் சுற்றிப் பார்த்தேன். மென்மையாகச் சுற்றுகின்றன, ஆட்டமும் இல்லை.

மருதமுனை காக்கா

நல்ல வேலை செய்தீர்கள். பாதி வழி வந்தாயிற்று.

ஆனாலும் உடனே டைமிங் பெல்ட் என்று முடிவுகட்ட வேண்டாம். வெளிப் பெல்ட்டுகளைக் கழற்றிய பிறகும் கிராங்க் புல்லி சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அது ஒரே இரும்புத் துண்டு இல்லை; நடுவில் ஒரு பகுதி, வெளியே ஒரு வளையம், இரண்டுக்கும் இடையில் ரப்பர். 25 வருடம் கடந்த கார்களில் அந்த ரப்பர் வெடித்து, வெளி வளையம் உள்நோக்கி நகர்ந்து கவரில் உரசும். வெள்ளைச் சோக்கால் நடுப்பகுதியிலிருந்து வெளி வளையம் வரை ஒரே கோடு இழுத்து வையுங்கள். இரண்டு நாள் ஓட்டிய பிறகு கோடு உடைந்து விலகியிருந்தால் புல்லி போய்விட்டது. எஞ்சின் ஓடும்போது தள்ளி நின்று புல்லியின் விளிம்பைப் பாருங்கள். தள்ளாடினால் அதுவும் அடையாளம்.

புல்லி சரியென்றால் நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றை எடுங்கள். நுனியை எஞ்சினின் இரும்பில், கவரின் ஓரத்துக்குப் பக்கத்தில் வைத்து, கைபிடியைக் காதோடு அழுத்திக் கேளுங்கள். பிளாஸ்டிக் கவரில் வைத்தால் எல்லாச் சத்தமும் கலந்து வரும், இடம் தெரியாது. மேலே கேம் பக்கத்தில் ஒரு தடவை, கீழே கிராங்குக்குக் கிட்ட ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை. எங்கே கூர்மையாகக் கேட்கிறதோ அங்கேதான் ஆள் இருக்கிறது. ஐட்லர், கேம் புல்லிக்கும் கிராங்குக்கும் நடுவில் இருக்கிறது. சுற்றும் எதற்கும் கிட்ட நுனியைக் கொண்டு போகாதீர்கள்.

செங்கலடி டீச்சர்

இந்த உரையாடலை ஆரம்பத்திலிருந்து வாசித்து வருகிறேன். காக்கா சொல்வதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு, அதையும் பதிவு செய்ய வேண்டும்.

என்னிடம் இருந்தது ஹோண்டா சிவிக் ஈகே3. வாங்கிச் சில மாதங்களில், வெலிக்கந்தையைத் தாண்டிப் புணானைப் பக்கம் வந்துகொண்டிருந்தபோது ஓடிக்கொண்டிருந்த கார் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்தது. ஒரு கீச்சுச் சத்தம்கூட முன்னறிவிப்பாக வரவில்லை. டைமிங் பெல்ட் அறுந்திருந்தது. டி15பி எஞ்சினில் பெல்ட் அறுந்தால் திறந்து நிற்கும் வால்வுகளைப் பிஸ்டன் வந்து முட்டும். வால்வுகள் வளைந்து, எஞ்சின் தலையை இறக்கி வேலை செய்ய வேண்டியதாயிற்று. ஹோண்டாவின் குறை என்று சொல்ல வரவில்லை. பெல்ட்டின் வயது முடிந்திருந்தது, அவ்வளவுதான். அந்தப் பாதையில் மாலையானால் யானைகள் இறங்கும். நானும் என் மகளும் காருக்குள்ளே கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இராணுவக் காவலரணிலிருந்து வந்தவர்கள்தான் ஒரு லொறியை நிறுத்திக் கட்டி இழுத்து வர உதவினார்கள்.

ஆகவே கல்லடித் தம்பி, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள், நல்லது. ஆனால் நாளைக்குச் சத்தம் தானாக நின்றுவிட்டால் பெல்ட் சுகமாக இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். பெல்ட் பெரும்பாலும் பேசாமல்தான் சாகிறது.

வாழைச்சேனை மாறன்

டீச்சர் சொன்னது ஹோண்டாவுக்குப் பொருந்தும். 5ஏ-எஃப்ஈயில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் முட்டாது. இடைவெளி விட்டுத்தான் வடிவமைத்திருக்கிறார்கள். அறுந்தால் நிற்கும், புதுப் பெல்ட் போட்டால் ஓடும். எனவே அறும் வரை ஓட்டிவிட்டு மாற்றுவதுதான் சிக்கனம். பெல்ட்டை முன்கூட்டியே மாற்றச் சொல்வது கராஜுக்கு இலாபம்.

செங்கலடி டீச்சர்

மாறன், எஞ்சின் தப்பும், சரி. உள்ளே இருக்கிறவர்கள்? எஞ்சின் அணைந்ததும் பவர் ஸ்டியரிங் கனத்துவிடும். பிரேக்கில் பூஸ்டரின் உதவி ஓரிரண்டு மிதியோடு முடிந்துவிடும். கல்முனை வீதியில் பின்னால் ஒரு பஸ் ஒட்டிக்கொண்டு வரும் நேரத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அறுந்த இடத்திலிருந்து காரை இழுத்து வரும் கூலியையும் சேர்த்துப் பாருங்கள், உங்கள் சிக்கனக் கணக்கு நிற்காது.

வாழைச்சேனை மாறன்

பிரேக் விடயத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஏற்றுக்கொள்கிறேன் டீச்சர். 5ஏயில் வால்வு வளையாது என்ற தகவல் மட்டும் சரியானது, அது இங்கே இருக்கட்டும். பயந்துபோய் எஞ்சினையே மாற்றச் சொல்கிறவர்களும் உண்டு.

அம்பாறை டவுன்ஏஸ்

இடையில் ஒரு கேள்வி. என்னுடையது 2சி டீசல் எஞ்சின் போட்ட டவுன்ஏஸ். நெல் மூட்டை ஏற்றுகிற வேன். மீற்றர் பலகையில் டி-பெல்ட் என்ற சிவப்பு விளக்கு எரியவில்லை. அப்படியென்றால் பெல்ட் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா? எனக்கும் முன்பக்கத்தில் கொஞ்சம் இரைச்சல் இருக்கிறது, ஆனால் டீசல் என்பதால் எது இயல்பு, எது பழுது என்று பிரிக்க முடியவில்லை.

மருதமுனை காக்கா

அந்த விளக்கு பெல்ட்டைப் பார்ப்பதே இல்லை மகன். மீற்றரோடு சேர்ந்து தூரத்தை எண்ணுகிறது. 100,000 கிலோமீற்றர் ஆனதும் எரியும், அவ்வளவுதான். பெல்ட் நனைந்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா, பல் போயிருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. பெல்ட்டை மாற்றாமலே யாரோ விளக்கை மட்டும் அணைத்து வைத்திருக்கவும் முடியும். மீற்றரைக் குறைத்து விற்ற வண்டியில் அந்த விளக்குக்கு மரியாதையே இல்லை.

உங்கள் எஞ்சினுக்கு நான் கடுமையாகச் சொல்வேன். 2சியில் டைமிங் பெல்ட் கேம் ஷாஃப்ட்டை மட்டுமல்ல, டீசல் பம்ப்பையும் ஓட்டுகிறது. பம்ப்பின் பாரம் பெல்ட்டில்தான் விழுகிறது. ஒரு பல் தாண்டினாலே ஸ்டார்ட் கடினமாகும், புகை மாறும், தட்டல் கூடும். அறுந்தால் வால்வு முட்டும். டீசலில் அதற்கு இடைவெளி கிடையாது. மாறன் சொன்ன ஆறுதல் உங்களுக்கு இல்லை. அறுவடைக்கு முன்பே கவரைத் திறந்து பார்த்துவிடுங்கள். வயல் பாதையில் கிரவல் தூசியும் வைக்கோல் தும்பும் கவரின் இடுக்கு வழியாகப் போய் உள்ளே அடையும். மாரியில் வெள்ளத்துக்குள் இறக்கி ஓட்டிய வண்டியென்றால் பேரிங்குக்குள் சேறும் போயிருக்கும்.

கல்லடி 110

கிராங்க் புல்லியில் சோக் கோடு விலகவில்லை, தள்ளாட்டமும் இல்லை. ஸ்குரூ டிரைவரில் கேட்டபோது மேலே கேம் பக்கத்தில் மெல்லிய "டிக் டிக்" மட்டும். நடுவில், ஐட்லர் இருக்கும் உயரத்தில், உரசல் காதைக் குத்தியது. அதற்குப் பிறகு பொறுக்க மனம் வரவில்லை. வேறொரு கராஜில் பேசி, கழற்றும்போது நானும் பக்கத்தில் நிற்பேன் என்று சொல்லித்தான் காரை விட்டேன்.

கண்டதை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

வால்வுகளுக்கு மேலே இருக்கும் டெப்பட் கவரையும் மேல் டைமிங் கவரையும் கழற்றியதும் முதலில் கண்ணில் பட்டது கறுப்புத் தூள். கீழ்க் கவரின் உள் விளிம்பில் மை கொட்டி உலர்ந்ததாக அடர்ந்திருந்தது. விரலால் தொட்டால் பிசுபிசுப்பு. பெல்ட்டின் முதுகு பார்வைக்கு நன்றாகவே இருந்தது, வெடிப்பு இல்லை. ஆனால் வெளி விளிம்பில் நூல் பிரிந்து, மயிர் மயிராகத் தொங்கியது. பெல்ட்டைக் கழற்றி லேசாக வளைத்தபோதுதான் ஒவ்வொரு பல்லின் அடியிலும் மெல்லிய வெடிப்புக்கோடு தெரிந்தது. கேம் புல்லியின் பின்னால் ஒயில் கசிந்து, பெல்ட்டின் ஒரு பக்கம் ஈரமாக இருந்தது.

பிறகு ஐட்லர். மெக்கானிக் அதைக் கழற்றி என் கையில் தந்து, சுற்றச் சொன்னார். ஒரு தட்டுத் தட்டியதும் தடையே இல்லாமல் நீண்ட நேரம் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே குண்டுகள் வெறும் இரும்பில் உருளும் "கர்ர்ர்". நன்றாகச் சுற்றுகிறதே என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர் புதிய ஐட்லரை எடுத்து அதே மாதிரித் தட்டினார். அது அரைச் சுற்றுக்கூடப் போகாமல், சத்தமில்லாமல் நின்றது. "கிரீஸ் இருந்தால் இப்படித்தான் பிடிக்கும், இலேசாகச் சுற்றினால் காய்ந்துவிட்டது" என்றார். பழையதை இரு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் கைக்குத் தெரிந்தது. பேரிங்கின் வாயைச் சுற்றித் துருநிறத்தில் ஒரு வளையம் படிந்திருந்தது. உள்ளே இருந்த கிரீஸ் உருகி வெளியேறிய தடம் என்றார்.

மருதமுனை காக்கா

இப்போது கதை முழுதாகத் தெரிகிறது. பேரிங்கில் ஆட்டம் வந்ததும் ஐட்லர் சாய்கிறது. ஐட்லர் சாய்ந்தால் பெல்ட் ஒரு பக்கமாக நகர்ந்து ஓடுகிறது. விளிம்பு உரசி நூல் பிரிகிறது, கறுப்புத் தூள் கொட்டுகிறது. முதல் கராஜ் சொன்னபடி பெல்ட்டை மட்டும் மாற்றியிருந்தால், சத்தம் போயிருக்காது. அந்தப் புதுப் பெல்ட்டையும் இதே ஐட்லர் தின்றிருக்கும். "பெல்ட் முடிந்துவிட்டது" என்று அவர்கள் சொன்னது உண்மைதான், பெல்ட் முடிந்துதான் இருந்தது. ஆனால் சத்தம் போட்டது பெல்ட் இல்லை.

பூட்டும்போது கவனிக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன், பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஒயில் கசியாமல் தடுக்கும் கேம் சீலையும் கிராங்க் முன் சீலையும் கட்டாயம் மாற்றச் சொல்லுங்கள். கவர் திறந்திருக்கும்போது அது சின்ன வேலை. பிறகு செய்தால் முழு வேலையும் திரும்பச் செய்ய வேண்டும். ஒயில் பட்ட ரப்பர் ஊதி மென்மையாகும், பல் பிய்ந்து போகும். ஐட்லரை இழுக்கும் ஸ்பிரிங்கையும் பாருங்கள். நீண்டு தொய்ந்திருந்தால் புதிது போடுங்கள். கவர்களின் ஓரத்தில் இருக்கும் ரப்பர் காஸ்கட்டைப் பல இடங்களில் பிய்த்து எறிந்துவிடுகிறார்கள். நம் கரையோரத்தில் அது இல்லாவிட்டால் உப்புக் காற்றும் மணலும் நேராக உள்ளே போகும்.

பழைய பெல்ட்டையும் புதிய பெல்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பல்லை எண்ணச் சொல்லுங்கள், அகலத்தையும் ஒப்பிடுங்கள். கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையிலிருந்து, கழற்றிய ஜப்பான் எஞ்சினின் பெல்ட் "நல்ல கண்டிஷன்" என்று வரும். பெல்ட்டிலும் பேரிங்கிலும் பாவித்த சாமான் வேண்டவே வேண்டாம். புதுப் பெல்ட்டை மடித்து நசுக்கவோ முறுக்கவோ கூடாது. உள்ளே இருக்கும் கண்ணாடி நூல் முறியும், வெளியே ஒன்றும் தெரியாது.

கிராங்க் புல்லியின் கோடு கவரில் உள்ள பூச்சியத்துக்கு நேராக வர வேண்டும். கேம் புல்லியில் ஒரு சிறு துவாரம் இருக்கிறது. அதன் வழியே பார்த்தால் பின்னால் பேரிங் மூடியில் உள்ள அடையாளம் நடுவில் தெரிய வேண்டும். கிராங்கில் பெல்ட்டுக்கு முன்னால் போடும் தட்டின் குழிந்த பக்கம் வெளியே பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் தட்டின் விளிம்பு பெல்ட்டை அறுக்கும், அதுவும் ஓர் உரசல் சத்தம். ஐட்லரின் போல்ட்டைத் தளர்த்தி, ஸ்பிரிங் தன் பலத்தில் இழுக்கட்டும். அதற்கு மேல் இரும்புக் கம்பி வைத்து நெம்பி இறுக்கினால் முதலில் சொன்ன ஊளை வரும், புதுப் பேரிங்கும் சீக்கிரம் போகும். பிறகு ஸ்டார்ட்டரைத் தொடாமல், கிராங்க் போல்ட்டில் சாவி போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று வலஞ்சுழியாகச் சுற்றி, இரண்டு அடையாளமும் திரும்ப நேருக்கு வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். எங்காவது இடித்தால் பலம் போடக் கூடாது, நிறுத்திக் காரணம் தேட வேண்டும். கிராங்க் புல்லி போல்ட்டை 118 நியூட்டன் மீற்றரில் டோர்க் சாவியால் இறுக்கச் சொல்லுங்கள். அது தளர்ந்தால் புல்லியைக் கிராங்கோடு பூட்டிப் பிடிக்கும் சாவித்துண்டும் அதன் பள்ளமும் தேய்ந்து, கிராங்க்கையே கெடுக்கும்.

கல்லடி 110

எல்லாம் முடிந்தது. பெல்ட், ஐட்லர், ஸ்பிரிங், இரண்டு சீல், வெளிப் பெல்ட்டுகள் அனைத்தும் புதிது. கவரின் காஸ்கட் பாதிதான் இருந்தது, அதையும் தேடி எடுத்துப் போட்டோம். கிராங்கின் தட்டு சரியான பக்கமாகத்தான் இருந்தது. உரசலும் முனகலும் முற்றாகப் போய்விட்டன. நேற்றுப் பொலன்னறுவைக்குப் போய்த் திரும்பினேன், கார் அமைதியாக ஓடியது.

ஒன்று மட்டும் மிச்சம். ஐட்லிங்கில் மேலே அந்த "டிக் டிக்" முன்பைவிட நன்றாகக் கேட்கிறது. உரசல் மறைத்து வைத்திருந்ததா, அல்லது பூட்டியதில் ஏதாவது பிசகா?

மருதமுனை காக்கா

அது வால்வு இடைவெளி தம்பி. இந்த எஞ்சினில் ஒயில் அழுத்தத்தில் தானாகச் சரிசெய்யும் டெப்பட் கிடையாது. ஷிம் என்ற மெல்லிய இரும்புத் தட்டு வைத்துத்தான் சரிசெய்கிறார்கள். வருடங்கள் போனால் இடைவெளி மாறும். கேம் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், அந்தத் தட்டலும் எஞ்சின் வேகத்தின் பாதித் தாளத்தில் வரும். 750 சுற்றில் ஐட்லிங் என்றால், இடைவெளி கூடிய ஒரு வால்வு விநாடிக்கு ஆறு தடவை தட்டும். பேரிங் சத்தத்துக்கு இப்படி எண்ணக்கூடிய தாளம் இருக்காது, இழுபட்டு வரும். அடுத்த முறை காதிலேயே பிரித்துக்கொள்ளலாம்.

எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகு அளக்க வேண்டும். உள்வாங்கும் வால்வுக்கு 0.15 முதல் 0.25 மில்லிமீற்றர், புகை வால்வுக்கு 0.25 முதல் 0.35. கொஞ்சம் தட்டுவது ஆபத்தில்லை. தட்டலே இல்லாமல் இடைவெளி இறுகிப்போன வால்வுதான் எரியும், ஆகவே சத்தத்தை ஒழிக்க வேண்டும் என்று இறுக்கமாக வைக்கச் சொல்லாதீர்கள். டெப்பட் கவரைத் திறந்தபோதே அளந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், பரவாயில்லை. எக்ஸோஸ்ட் மனிபோல்ட் காஸ்கட் கசிந்தாலும் குளிரில் டிக் டிக் வரும். அளப்பதற்கு முன் அதையும் ஒரு தடவை பாருங்கள்.

பெல்ட் மாற்றிய திகதியையும் மீற்றர் அளவையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதிக் கவரில் ஒட்டிவிடுங்கள். 100,000 கிலோமீற்றர் என்பது தூரக் கணக்கு. குறைவாக ஓடும் காருக்கு வயதையும் பாருங்கள். நம் வெப்பத்தில் ஏழெட்டு வருடத்துக்கு மேல் நான் ஒரு பெல்ட்டை விட்டுவைப்பதில்லை.

செங்கலடி டீச்சர்

ஸ்டிக்கர் ஒட்டுவதோடு பில்லையும் காரின் புத்தகத்தோடு வைத்துவிடுங்கள் தம்பி. நாளைக்கு வேறொருவர் வாங்கினால் அவருக்கும் தெரிய வேண்டும்.

ஏறாவூர் சன்னி

காக்கா, எனது நிஸான் சன்னி எஃப்பி15. இதை வாசித்துவிட்டு எனக்கும் பயம் வந்துவிட்டது. காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஓரிரு விநாடி "கட கட" என்று ஒரு சத்தம், பிறகு நின்றுவிடும். நானும் டைமிங் பெல்ட் மாற்ற வேண்டுமா?

மருதமுனை காக்கா

உங்கள் காரில் டைமிங் பெல்ட்டே கிடையாது மகன். கியூஜி15 எஞ்சின் செயினில் ஓடுகிறது. யாராவது டைமிங் பெல்ட் மாற்ற வேண்டும் என்று சொன்னால் அங்கிருந்து காரை எடுத்து வந்துவிடுங்கள்.

நீங்கள் சொல்லும் கடகடப்பு, செயினை இறுக்கும் டென்ஷனருக்கு ஒயில் அழுத்தம் வந்து சேரும்வரை செயின் ஆடுவதால் வரலாம். முதலில் ஒயில் அளவைக் கம்பியில் பாருங்கள். ஒயிலும் ஃபில்டரும் எப்போது மாற்றியது என்று பாருங்கள். தரமான ஃபில்டர் போடுங்கள், நிற்கும்போது ஒயிலைத் திரும்ப ஓடவிடாத வால்வு உள்ளே இருக்கும் ஃபில்டராக இருக்கட்டும். அதன் பிறகும் கடகடப்பு நீண்டுகொண்டே போனால், அல்லது சூடான எஞ்சினிலும் கேட்டால், டென்ஷனரையும் செயினையும் திறந்து பார்க்க வேண்டும். ஒயில் மாற்றிய பின் எப்படி இருக்கிறது என்று இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.